சிகாகோவில் குளிர், நாமகிரிப்பேட்டையில் நட்டம்

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், போதமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட வெளியில் இருக்கிறது எங்கள் நாமகிரிப்பேட்டை. தை, மாசி மாதங்களில் இவ்வழியே பேருந்தில் செல்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் ஊர் வந்துவிட்டதை அறிந்துகொள்ளலாம். வேகும் மஞ்சளின் மணம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். செவ்வாய்க்கிழமைதோறும் இங்கு மஞ்சள் ஏலம் நடைபெறுகிறது. விரலி, உருண்டை, பனங்காலி என்று வகை பிரித்து மூட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். அன்றைய விலையைப் பொறுத்தே பல வீடுகளில் கல்லூரிக் கட்டணம் கட்டப்படும்; அல்லது தள்ளிப்போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், என்னிடம் இயற்பியல் படித்துத் தேறிய இளைஞர் ஒருவர் வாடிய முகத்துடன் வீட்டுக்கு வந்தார். தந்தையார் மஞ்சள் விற்றுக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைக் கைப்பேசி வழியாக இயற்கை எரிவாயுவின் முன்பேர வணிகத்தில் போட்டிருக்கிறார். அமெரிக்காவில் கடுங்குளிர் வரப்போகிறது என்று படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை இரவு ஓர் ஒப்பந்தம் வாங்கினார். திங்கட்கிழமை காலை சந்தை திறந்தபோது விலை 22 ரூபாய் கீழே இருந்தது. ஓர் ஒப்பந்தத்தில் 1,250 அலகுகள். ஆகவே நட்டம் 27,500 ரூபாய். அந்த ஆண்டு விலையில் அது நாலரைக் குவிண்டால் மஞ்சளுக்குச் சமம்.

"சார், டி.வி.யில பனி கொட்டறதக் காட்டறாங்க. சொன்ன மாதிரியே குளிர் வந்திருச்சுங்க. அப்புறம் எப்படிங்க சார் விலை இறங்கும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பணத்தைத் திருப்பித் தர என்னால் முடியாது. விடையைத் தர முடியும் என்று காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தோம். அன்று மாலை அவருக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கு உங்களுக்கும் கூறுகிறேன்.

எந்த எரிவாயு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாமக்கல் மாவட்டத்தவர்களுக்கு எரிவாயு என்றவுடன் நினைவுக்கு வருவது டேங்கர் லாரிகள்தாம். தென்னிந்தியாவில் சமையல் வாயுவைச் சுமந்து செல்லும் லாரிகளின் உரிமையாளர்களுக்கு நாமக்கல்லே தலைமையிடம் போன்றது. ஆனால் அந்த லாரிகளில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. அழுத்தினாலே திரவமாகிவிடும், ஆகவே உருளையில் அடைத்து வீட்டு வாசலில் இறக்கிவிடலாம்.

நாம் பேசப்போகும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். இது அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. எவ்வளவுதான் அழுத்தினாலும் சாதாரண வெப்பநிலையில் திரவமாகாது. சுழிக்குக் கீழே 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால்தான் திரவமாகும். அப்போது அதன் பருமன் ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். சாதாரண அழுத்தத்தில் ஒரு கன மீட்டர் இயற்கை வாயுவை எரித்தால் கிடைப்பது சுமார் 38 மெகாஜூல் வெப்பம். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஒரு லிட்டர் பெட்ரோலைப் புட்டியில் வைக்கலாம்; ஒரு கன மீட்டர் வாயுவை வைக்க ஓர் அலமாரி அளவு இடம் வேண்டும். இந்த எளிய உண்மையை மறவாதீர்கள். எளிதில் சேர்த்து வைக்க முடியாத பண்டத்தின் விலைதான் வானத்தைப் பார்த்து நடுங்கும்.

மஞ்சளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலை பிடிக்காவிட்டால் விவசாயி மூட்டையைக் கிடங்கில் வைத்துவிட்டு அடுத்த ஆண்டுகூட விற்கலாம். வாயுவை இருப்பு வைக்க வேண்டுமானால், எண்ணெயும் வாயுவும் எடுத்துத் தீர்ந்துபோன பழைய நிலத்தடிப் பாறை அடுக்குகளுக்குள் மீண்டும் செலுத்த வேண்டும். அமெரிக்காவில் அவ்வாறுதான் செய்கிறார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உள்ளே செலுத்துவார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை எடுப்பார்கள். எவ்வளவு இருப்பு என்ற கணக்கு வியாழக்கிழமைதோறும் வெளியாகும். குளிர்காலத்தில் அது நமக்கு இரவு 9 மணி. அந்த நேரத்தில் கைப்பேசியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் எங்கள் ஊரிலும் சிலர் உண்டு.

மஞ்சளால் அளந்த ஓர் அலகு

வாயுவின் விலையை எம்.எம்.பி.டி.யு. என்ற அலகுக்கு இவ்வளவு என்று கூறுகிறார்கள். பி.டி.யு. என்பது பிரிட்டிஷ் வெப்ப அலகு. ஒரு பவுண்டு நீரின் வெப்பநிலையை ஒரு பாரன்ஹீட் டிகிரி உயர்த்தத் தேவைப்படும் வெப்பம். 'எம்' என்பது ரோமானிய எண்முறையில் ஆயிரம். இரண்டு 'எம்' சேர்ந்தால் ஆயிரம் ஆயிரம், அதாவது பத்து லட்சம். நம் அலகுகளில் அது 1,055 மெகாஜூல்.

இது எவ்வளவு என்று மனத்தில் பதியவில்லையா? நம் ஊர்க் களத்துக்கு வாருங்கள். வயலிலிருந்து தோண்டி எடுத்த பச்சை மஞ்சளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். ஒரு குவிண்டால் உலர்ந்த மஞ்சள் கிடைக்க, ஐந்து குவிண்டால் பச்சைக் கிழங்கை வேகவைத்து, களத்தில் பரப்பி, சுமார் 400 கிலோ நீரை வெயிலில் விரட்ட வேண்டும். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் உள்ளுறை வெப்பம் தேவை. ஆக 960 மெகாஜூல். அதாவது, ஒரு குவிண்டால் மஞ்சளை உலர்த்தச் சூரியன் கூலி வாங்காமல் செய்யும் வேலை ஏறத்தாழ ஓர் எம்.எம்.பி.டி.யு.! அந்த இளைஞர் கைப்பேசியில் ஒரு விரல் தட்டலில் வாங்கியது சுமார் 1,370 குவிண்டால் மஞ்சளை உலர்த்தும் வெப்பத்தை. இதைக் கணக்கிட்டுக் காட்டியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அன்று அவர் சிரித்தது அப்போது மட்டுந்தான்.

டிகிரி-நாள்

இனி இயற்பியலுக்கு வருவோம். வெளியே குளிர், வீட்டுக்குள் கணப்பு. சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் நீர் மட்டம் குறையாதிருக்க, ஒழுகும் அளவு நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அதுபோல, வெளியேறும் அளவு வெப்பத்தை வாயு எரித்து ஈடு செய்ய வேண்டும். நியூட்டனின் குளிர்தல் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். வெப்ப இழப்பு, உள்வெப்பநிலைக்கும் வெளிவெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் அமையும். வேறுபாடு இரு மடங்கானால் எரிக்க வேண்டிய வாயுவும் இரு மடங்கு.

ஆகவே வாயு நிறுவனங்கள் ஓர் எளிய அளவையைக் கையாளுகின்றன. 18 டிகிரி செல்சியஸை அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். (அமெரிக்கர்கள் 65 டிகிரி பாரன்ஹீட் என்பார்கள், அது 18.3 செல்சியஸ்.) ஒரு நாளின் சராசரி வெப்பநிலை இதற்கு எத்தனை டிகிரி குறைவோ, அத்தனை டிகிரி-நாள் என்று எண்ணுவார்கள். சராசரி 8 டிகிரி என்றால் 10 டிகிரி-நாள். சுழிக்குக் கீழ் 4 என்றால் 22 டிகிரி-நாள். 18க்கு மேல் இருந்தால் கணக்கில் ஒன்றுமில்லை. அன்று கணப்பு தேவையில்லை.

வீட்டுக்குள் 21 டிகிரி வேண்டுமென்று விரும்புபவர்கள் ஏன் 18ஐ அடிப்படையாக வைத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். மீதி மூன்று டிகிரியை வீட்டில் இருப்பவர்களின் உடல் வெப்பமும், சமையலறையும், விளக்குகளும், ஜன்னல் வழியே வரும் வெயிலும் தந்துவிடுகின்றன. ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் 100 வாட் வெப்பம் தருகிறான். கல்யாண வீட்டுக் கூடத்தில் தை மாதத்திலும் ஏன் வியர்க்கிறது என்பதற்கும் இதுவே காரணம்.

அமெரிக்காவில் ஏறத்தாழ பாதி வீடுகள் இயற்கை வாயுவால் கணப்பூட்டப்படுகின்றன. ஆகவே அந்நாட்டின் குளிர்ப் பகுதிகளில் அடுத்த பத்து நாள்களுக்கு எத்தனை டிகிரி-நாள் என்று தெரிந்தால், எவ்வளவு வாயு எரியும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். வானிலை முன்னறிவிப்பு வாயு வணிகரின் கணக்கு நோட்டுக்குள் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை நடந்தது என்ன?

இப்போது இளைஞரின் கேள்விக்கு வருவோம். விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். சிகாகோவில் ஜனவரியின் வழக்கமான சராசரி சுழிக்குக் கீழ் 4 டிகிரி அளவில் இருக்கும். பத்து நாள்களுக்கு 220 டிகிரி-நாள். வெள்ளிக்கிழமை வந்த முன்னறிவிப்பு, வரும் பத்து நாள்களின் சராசரி சுழிக்குக் கீழ் 10 என்கிறது. அதாவது 280. வணிகர்கள் அந்த நொடியே விலையை 280க்கு ஏற்றபடி உயர்த்திவிடுகிறார்கள். குளிர் இன்னும் வரவில்லை, விலை வந்துவிட்டது. நம் இளைஞர் வாங்கியது இந்த உயர்ந்த விலையில்.

சனி, ஞாயிறு சந்தைக்கு விடுமுறை. காற்றுக்கும் கணிப்பொறிக்கும் விடுமுறை ஏது? உலகெங்கும் வானிலை பலூன்கள் ஒரே நேரத்தில் ஏவப்படுகின்றன. நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30 அளவைகளுக்காக. சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் ஒன்று மேலே போகிறது. இவ்வளவைகளையும் செயற்கைக்கோள் அளவைகளையும் கொண்டு, அமெரிக்கக் கணிப்பொறிகள் நாளொன்றுக்கு நான்கு முறை புதிய முன்னறிவிப்பை உருவாக்குகின்றன. அந்த இரண்டு நாள்களில் படிப்படியாகக் கணிப்பு மாறி, பத்து நாள் சராசரி சுழிக்குக் கீழ் 7 என்று ஆகிவிட்டது. அதாவது 250 டிகிரி-நாள்.

கவனியுங்கள். 250 என்பது வழக்கமான 220ஐவிட 30 அதிகம். ஆகவே குளிர் வந்தது உண்மை. தொலைக்காட்சியில் பனி கொட்டியதும் உண்மை. ஆனால் வெள்ளிக்கிழமை விலைக்குள் ஏற்கெனவே இருந்த 280ஐவிட இது 30 குறைவு. ஆகவே விலை இறங்கியது. விலையை அசைப்பது குளிர் அன்று. எதிர்பார்த்த குளிருக்கும் இப்போது எதிர்பார்க்கும் குளிருக்கும் உள்ள வேறுபாடு. நீங்கள் 90 மதிப்பெண் எடுப்பீர்கள் என்று வீட்டில் நம்பியிருக்க, 80 எடுத்து வந்தால் என்ன நடக்கும்? வகுப்புச் சராசரி 60தான் என்று எடுத்துச் சொல்லிப் பாருங்கள்!

சிறு மாற்றத்துக்கு ஏன் இவ்வளவு ஆட்டம்?

தக்காளி விலை ஏறினால் புளி ஊற்றிக் குழம்பு வைக்கலாம். பனி கொட்டும் இரவில் கைக்குழந்தை உள்ள வீட்டில் கணப்பை அணைக்க முடியாது. விலை என்னவானாலும் எரித்தே தீர வேண்டும். மறுபுறம், வாயுக் கிணறுகளை ஒரு வாரத்தில் கூட்டவும் முடியாது. வாங்குபவரும் அசையமாட்டார், விற்பவராலும் அசைய இயலாது என்னும்போது, இடையில் மாட்டிக்கொண்ட விலைதான் துள்ள வேண்டும். தேவையில் 5 விழுக்காடு மாற்றம் விலையில் 5 விழுக்காட்டோடு நிற்பதில்லை.

இதன் கடைசி எல்லையை 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலம் கண்டது. வடதுருவக் குளிர்காற்று தெற்கே இறங்கியது. டல்லாஸ் நகரில் பிப்ரவரி 16 அன்று சுழிக்குக் கீழ் 19 டிகிரி வரை போயிற்று. குளிர் வரும் என்ற முன்னறிவிப்பு பல நாள்களுக்கு முன்பே இருந்தது. ஆனால் தேவை கூடும் என்பதோடு கதை முடியவில்லை. வெப்பமான பகுதி என்பதால் அங்குள்ள கிணறுகளுக்கும் குழாய்களுக்கும் போதிய குளிர்க் காப்பு இல்லை. வாயுவோடு சேர்ந்து வரும் நீர் உறைந்து கிணற்று வாய்களை அடைத்தது. அம்மாநிலத்தின் வாயு உற்பத்தி ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. வாயு இல்லாமல் மின் நிலையங்கள் நின்றன. மின்சாரம் இல்லாமல் வாயுவை அழுத்தித் தள்ளும் பொறிகள் நின்றன. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கிணற்றில் விழுந்த கதை.

லூசியானா மாநிலத்தில் எராத் என்ற சிற்றூரில், பல குழாய்த் தடங்கள் கூடும் ஹென்றி ஹப் என்ற சந்திப்பு இருக்கிறது. நியூயார்க் சந்தையில் 1990 முதல் நடந்துவரும் வாயு முன்பேர வணிகத்துக்கு அவ்விடத்து விலையே அடிப்படை. நம் நாட்டுச் சந்தையும் பின்பற்றுவது அதைத்தான். நாமகிரிப்பேட்டை ஏலத்து விலையைச் சுற்றுவட்டாரம் முழுவதும் கேட்டுத் தெரிந்துகொள்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் அங்கு சராசரி விலை 3 டாலருக்கும் குறைவு. பிப்ரவரி 17 அன்று 23.86 டாலர். புயலின் நடுவே இருந்த ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு சந்திப்பில் 1,000 டாலரையும் தாண்டியது. எண்கள் கிடக்கட்டும். டெக்சாஸில் அந்தக் குளிரால் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; 45 லட்சம் வீடுகளில் மின்சாரம் இல்லை. வெப்பநிலை எவ்வளவு என்று சரியாகச் சொன்ன முன்னறிவிப்பு, குழாய் உறையும் என்பதைச் சொல்லாது. அதைக் காண வேண்டியவர்கள் குழாய் போட்டவர்கள்.

முன்னறிவிப்பு ஏன் மாறுகிறது?

"இவர்கள் வாரக் கடைசியில் மாற்றிச் சொன்னதால்தானே நட்டம்" என்று இளைஞர் வானிலையாளர்கள் மீது கோபப்பட்டார். அது நியாயமன்று.

1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலையாளர் ஒரு சிறு கணிப்பொறியில் வானிலைச் சமன்பாடுகளை ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய ஓட்டத்தின் நடுவிலிருந்து மீண்டும் தொடங்க எண்ணி, அச்சிட்ட தாளில் இருந்த 0.506 என்ற எண்ணைக் கொடுத்துவிட்டுக் காப்பி அருந்தச் சென்றார். திரும்பி வந்தபோது விடை முற்றிலும் வேறாக இருந்தது. கணிப்பொறிக்குள் உண்மையில் இருந்த எண் 0.506127. ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவான வேறுபாடு வளர்ந்து வளர்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. காற்று மண்டலத்தின் இந்த இயல்பால், இன்ன நாளில் இன்ன வெப்பநிலை என்று கூறுவது ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு மேல் பயன் தருவதில்லை. மூன்றாம் நாள் கணிப்பை நம்பலாம். பத்தாம் நாள் கணிப்பு ஆடும் நாற்காலி.

ஆகவே இப்போது ஒரே கணிப்பை நம்புவதில்லை. இங்கிலாந்தில் ரெடிங் நகரில் தலைமையகம் கொண்ட ஐரோப்பிய முன்னறிவிப்பு மையம், தொடக்க எண்களைச் சிறிது சிறிது மாற்றி ஐம்பதுக்கு மேற்பட்ட கணிப்புகளை ஒருசேர ஓட்டுகிறது. ஐம்பதில் நாற்பத்தைந்து குளிர் என்றால் ஓரளவு உறுதி. பாதிக்குப் பாதி பிரிந்தால் எச்சரிக்கை. தேர்ந்த வணிகர்கள் பார்ப்பது ஐம்பது கோடுகளும் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதை. நம் இளைஞர் பார்த்ததோ ஒரு தலைப்புச் செய்தியை. தேர்ந்தவர்களும் தப்புவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2006 செப்டம்பரில் அமரந்த் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வாயு விலையில் 600 கோடி டாலருக்கு மேல் இழந்து மூழ்கியது. 2005இல் கத்ரீனா, ரீட்டா புயல்கள் மெக்சிகோ வளைகுடாவின் வாயுக் கிணறுகளைச் சிதைத்து விலையை ஏற்றியிருந்தன. 2006இல் அப்படிப்பட்ட புயல் ஒன்றும் அங்கே வரவில்லை.

குத்தாலத்து வாயுவும் சிகாகோ குளிரும்

இவையெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று எண்ணவேண்டாம். காவிரிப் படுகையில் குத்தாலம், நரிமணம் பக்கத்தில் பூமிக்கடியிலிருந்து இயற்கை வாயு எடுக்கப்படுகிறது. குத்தாலத்திலும், ராமநாதபுரத்தை அடுத்த வழுதூரிலும் அவ்வாயுவால் மின்சாரம் ஆக்கும் நிலையங்கள் உண்டு. 2014 நவம்பர் முதல் 2023 மார்ச் வரை உள்நாட்டு வாயுவின் விலையை அரசு எவ்வாறு நிர்ணயித்தது தெரியுமா? அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ரஷ்யா ஆகிய நான்கு நாட்டுச் சந்தை விலைகளின் சராசரியைக் கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதாவது அந்நாடுகளில் குளிர்காலம் இதமாக இருந்துவிட்டால், சில மாதம் கழித்துத் தஞ்சைச் சமவெளியில் கிடைக்கும் வாயுவின் விலை இறங்கும்! 2023 ஏப்ரலில் இம்முறை கைவிடப்பட்டு, கச்சா எண்ணெய் விலையில் பத்து விழுக்காடு என்ற கணக்கும், அதற்கு ஓர் உச்ச வரம்பும் வந்தன. அந்தக் குளிர்க் கயிறு அறுந்தது.

முழுவதும் அறுந்துவிடவில்லை. நம் நாட்டுத் தேவையில் ஏறத்தாழ பாதி வாயு திரவ வடிவில் கப்பலில் வருகிறது. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 2019 முதல் அத்தகைய முனையம் ஒன்று இயங்குகிறது. அக்கப்பல்களுக்கு நம்மோடு போட்டியிடுபவர்கள் ஜப்பானியரும் கொரியரும் ஐரோப்பியரும். ஆசியச் சந்தையில் 2020 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே கிடந்த திரவ வாயு, 2021 ஜனவரியில் ஜப்பானையும் கொரியாவையும் கடுங்குளிர் பிடித்தபோது 30 டாலரைத் தாண்டியது. நேர்மாறாக, 2022 ஆகஸ்டில் உக்ரைன் போரால் உச்சத்தில் இருந்த ஐரோப்பிய விலை, அவ்வாண்டு இலையுதிர் காலமும் குளிர்காலத் தொடக்கமும் எதிர்பாராத அளவு இதமாக அமைந்ததால், டிசம்பர் இறுதிக்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

நம் நாட்டிலோ வாயுவைக் கேட்பது குளிரன்று, வெயில். 2024 மே 30 அன்று இந்தியாவின் மின் தேவை 250 கிகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. கோடையின் கடுமையை எதிர்பார்த்து, விலை கட்டாமல் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் வாயு மின் நிலையங்களை மே, ஜூன் மாதங்களில் இயக்குமாறு மத்திய அரசு முன்கூட்டியே ஆணையிட்டது. தமிழ்நாட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் ஆடிக் காற்று வீசினால் காற்றாலைகள் சுழலும். காற்று ஓய்ந்தால் அந்த மின்சாரத்தை வேறெங்கேனும் வாங்க வேண்டும். மின்சாரச் சந்தையில் நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக, 96 துண்டுகளாக வெட்டி விற்கிறார்கள். நாளை மாலை ஏழு மணிக்குக் காற்று எப்படி இருக்கும் என்பதற்கு அங்கே விலை உண்டு.

மீண்டும் களத்துக்கு

மஞ்சளின் விலையும் வானத்தோடு கட்டுண்டதுதான். கட்டிய விதம் வேறு. குளிரடித்தால் யாரும் சாம்பாரில் மஞ்சளைக் கூட்டிப் போடுவதில்லை. வானிலை இங்கே மாற்றுவது தேவையை அன்று, வரத்தை. 2023இல் எல் நினோ தொடங்கிவிட்டது என்ற அறிவிப்பு ஜூன் மாதம் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட், இந்தியாவில் 1901க்குப் பின் மழை மிகக் குறைந்த ஆகஸ்ட் ஆயிற்று. நடவுப் பரப்பும் குறைவு என்ற செய்தி சேர்ந்துகொள்ள, அறுவடைக்கு ஆறு மாதம் இருக்கும்போதே, கிழங்கு மண்ணுக்குள் விரல்விட்டுக்கொண்டிருந்த வேளையிலேயே, குவிண்டால் 10,000 ரூபாயைத் தாண்டியது. சிகாகோ வெள்ளிக்கிழமையின் அதே கதை: மழை பொய்க்கும் என்ற எண்ணமே விலைக்குள் வந்துவிட்டது.

ஆனால் தை, மாசியில் களத்தில் மஞ்சளைப் பரப்பிவிட்டு வானத்தைப் பார்ப்பவருக்கு வேண்டியது எல் நினோ அன்று, இன்றிரவு. அந்த இளைஞரின் தந்தையாரே ஒருநாள் என்னைக் களத்து மேட்டில் நிறுத்திக் கேட்டார்: "ஏனுங் வாத்தியாரே, ரேடியோவுல ஓரிரு இடங்கள்ல மழைங்கறான். வருமுங்களா, வராதுங்களா?"

வானிலைத் துறையின் சொற்களுக்குக் கணக்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 'ஓரிரு இடங்களில்' என்றால் அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 விழுக்காடு வரை மழை பதிவாகலாம் என்று பொருள். 'பெரும்பாலான இடங்களில்' என்றால் 75 விழுக்காட்டுக்கு மேல். ஆக, நம் களம் அந்த நான்கில் ஒன்றாக இருக்கவும் கூடும், மற்ற மூன்றாக இருக்கவும் கூடும். வருமா வராதா என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை. ஆனால் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு விடை உண்டு.

தார்ப்பாய் வாடகையும் ஆள் கூலியும் சேர்த்து 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடாமல் விட்டு மழை பெய்தால், மஞ்சள் நிறம் மங்கி ஏலத்தில் 12,000 ரூபாய் குறையும். 1,500ஐ 12,000ஆல் வகுத்தால் எட்டில் ஒன்று, அதாவது 12.5 விழுக்காடு. மழைக்கான வாய்ப்பு இதற்கு மேல் இருந்தால் மூடுவதே கணக்குக்குச் சரி; மழை வராமல் போய் 1,500 ரூபாய் வீணானாலும் முடிவு தவறன்று. மூடுவதற்குச் செலவு அதிகம், நனைந்தால் இழப்புக் குறைவு என்னும் வேறொருவருக்கு, அதே முன்னறிவிப்பு வேறு முடிவைத் தரும். பெரியவர் கேட்டுவிட்டு, "அப்ப நாலு நாள் வெட்டியா மூடி, ஒரு நாள் தப்பிச்சாக் கூடக் கட்டுமுங்க" என்றார். நான் இரண்டு வரியில் எழுதிய கணக்கை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

செய்து பாருங்கள்

குளிர் டிகிரி-நாளைப்போலவே வெயில் டிகிரி-நாளும் உண்டு. இதற்கு 24 டிகிரியை அடிப்படையாக வைத்துக்கொள்வோம். சித்திரை மாதம் முழுவதும் நாள்தோறும் செய்தித்தாளில் சேலத்துக்கோ, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நகரத்துக்கோ தரப்படும் உச்ச, நீச வெப்பநிலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நாள் சராசரி. உச்சம் 38, நீசம் 26 என்றால் சராசரி 32. அன்றைக்கு 8 டிகிரி-நாள். அதே நோட்டில், நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு வீட்டு மின்மானியின் எண்ணையும் எழுதி, முதல் நாள் எண்ணைக் கழித்து அன்றைய செலவைக் காணுங்கள். வரைபடத் தாளில் டிகிரி-நாளைக் கிடை அச்சிலும் மின் அலகை நெடுக்கை அச்சிலும் குறியுங்கள். புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டைச் சுற்றி அமைகின்றனவா? விருந்தினர் வந்த நாளும், மின்தடை நாளும் கோட்டை விட்டு எவ்வளவு விலகின? கோடு நெடுக்கை அச்சை வெட்டும் புள்ளி, வெயிலே இல்லாவிட்டாலும் உங்கள் வீடு செலவிடும் மின்சாரத்தைக் காட்டும். பிறகு, மறுநாளைய வெப்பநிலை முன்னறிவிப்பைக் கொண்டு மறுநாளைய மின்செலவை முன்கூட்டியே எழுதி வைத்து, மாலையில் மின்மானியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.